ஷூலான் மருந்துக் கடைக்குப் போகாத வருஷம்

சீனாவில் யாங்சி ஆற்றங்கரை ஊரான ஃபூலிங்கில் படிக்கட்டுத் தெருவின் உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வருகிறவர்கள் எக்ஸ்ரே அறை எங்கே என்று கேட்டால், வாசல் காவலாளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெங் ஷூலான் பக்கம் கையைக் காட்டிவிடுவான். அவள் நர்ஸ் இல்லை, ஆயா இல்லை. நோயாளி. அதுவும் அரைகுறை நோயாளி இல்லை, முழுநேர நோயாளி. எந்த மாடியில் எந்த டாக்டர், எந்த ஜன்னலில் வரிசை சீக்கிரம் நகரும், ரத்தம் எடுப்பவர்களில் யாருக்குக் கை லேசு, சொட்டு மருந்து ஏற்றும் கூடத்தில் எந்த நாற்காலிக்கு மேலே மின்விசிறி நன்றாக ஓடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வயது அறுபத்தொன்று. ஊறுகாய் ஆலையில் இருபத்தெட்டு வருஷம் பொட்டலம் கட்டும் வரிசையில் நின்றவள். கண்ணில் மிளகாய்த் தூளும் கையில் உப்பும் படாத நாளில்லை. அந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவள் போட்ட லீவு மொத்தம் ஒன்பது நாள், அதில் பிரசவத்துக்கு முந்தின நாளும் ஒன்று. ஐம்பது வயதில் ஒரு கம்பளியும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து ஓய்வில் அனுப்பினார்கள். மறுவாரமே கழுத்து வலித்தது. அதற்கடுத்த மாதம் முட்டி. பிறகு வயிறு, பிறகு தூக்கம், பிறகு இன்ன இடம் என்று சொல்லத் தெரியாத ஒரு குத்தல் உடம்பெல்லாம் ஊர் சுற்றியது. மகள் வேலைக்காகப் பெருநகரத்துக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் லியாவ் யோங்கான் அப்போது யாங்சி ஆற்றில் பயணிகள் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் பேச்சுத் துணைக்கு அந்தக் கடிகாரம்தான். ஆஸ்பத்திரியில் என்றால் நூறு பேர். "எங்கே வலிக்குது?" என்று ஒரு ஆள் மெனக்கெட்டுக் கேட்பார்.

இப்படியே பதினோரு வருஷம். சமையலறையில் அரிசிக்கு ஒரு தட்டு என்றால் மருந்துக்கு மூன்று தட்டு. அவளுடைய மருத்துவக் காப்பீட்டுக் கார்டில் மாதாமாதம் விழும் பணம் விழுந்த வாரமே காலியாகிவிடும். புருஷன் கார்டைப் பெண்டாட்டியும் பெண்டாட்டி கார்டைப் புருஷனும் தேய்த்துக்கொள்ளலாம் என்று விதி வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. யோங்கான் மட்டும் தன் கார்டை ஒருமுறை ஆசையோடு தடவிப் பார்த்துவிட்டு அவள் கையில் கொடுத்தார். அதுவும் காலி. மிச்சத்துக்குப் பென்ஷன்.

தெருவின் நடுவில் இருந்த மருந்துக் கடையில் வென் என்கிற பெண் வேலை பார்த்தாள். மாதம் எட்டாம் தேதி உறுப்பினர் நாள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் இருபது முட்டை இலவசம். ஷூலான் ஒரு மாதமும் அந்த முட்டையைத் தவறவிட்டதில்லை.

"யோவ் கிழவா, முட்டையப் பாரு, எவ்வளவு பெருசு!" என்று கொண்டுவந்து வைப்பாள்.

"அறநூறு யுவான் முட்டை. பெருசாத்தான் இருக்கும்" என்பார் யோங்கான். முட்டையை அவர் குறை சொல்ல முடியாது. வாயில் மிச்சமிருந்த நாலு பல்லுக்கு மெல்லத் தோதானவை மூன்றே பொருள்கள்தான்: முட்டை, சோயாக்கட்டி, குழைந்த நூடுல்ஸ்.

ஒரு வசந்த காலத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கு மோ என்று ஒரு இளம் டாக்டர் வந்தார். ஷூலான் புது டாக்டர் என்றால் விடமாட்டாள். பழைய படங்களையெல்லாம் சுருட்டிக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவள் மேஜையில் கொட்டிய பதினோரு மருந்து டப்பாக்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தார். இவ்வளவு பொறுமையான டாக்டரை அவள் பார்த்ததே இல்லை. பெரிய வியாதியாகச் சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பெங் அத்தை, பிரஷர் இருக்கு. அதுக்கு இந்த ஒரு மாத்திரை, தினமும் காலைல. முட்டி தேய்மானம், வயசுக்கு ஏத்தது. மத்தபடி நல்லாத்தான் இருக்கீங்க."

"நல்லா இருக்கேனா? அப்ப ராத்திரி ஏன் தூக்கம் வரல?"

"பகல்ல எவ்வளவு நேரம் தூங்குவீங்க?"

"பகல்ல தூங்கறதில்ல. கண்ண மூடிட்டு ரெஸ்ட் எடுப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"சாப்பாட்டுக்கப்புறம்... சாயந்திரம் வரைக்கும்."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "இந்தப் பதினொண்ணுல நாலு ஒரே மருந்து. பேரும் டப்பாவும்தான் வேற."

"அதனாலதான் நாளைக்கு ஒண்ணா மாத்தி மாத்திச் சாப்பிடறேன்."

அவர் சீட்டை எடுத்து ஒரு மாத்திரையின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே 'எட்டுத் துண்டுப் பட்டு, தினமும் அரை மணி நேரம்' என்று எழுதி நீட்டினார். பூங்காவுக்குப் பூங்கா செய்கிற பழைய சிகோங் பயிற்சி அது. மூச்சும் கையும் காலும் சேர்ந்து மெதுவாக நகரும் எட்டு அசைவுகள்.

ஷூலானுக்குச் சுருக்கென்றது. "இத எந்தக் கவுண்டர்ல குடுப்பாங்க டாக்டர் தம்பி?"

"கவுண்டர்ல கிடைக்காது அத்தை. ஆத்தங்கரையில கிடைக்கும். காலைல ஆறரைக்கு."

பதினொரு மருந்தில் ஒன்றே ஒன்றை எழுதிக் கொடுத்த டாக்டர்! அவள் மூன்று நாள் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டாள். யோங்கான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அதுக்குக் கார்டு தேய்க்கணுமா?" இல்லை என்றதும், "அப்பப் போயேன்" என்றார்.

நாலாம் நாள் போனாள். குணமாக வேண்டும் என்று போகவில்லை. 'செஞ்சு பாத்துட்டேன், ஒண்ணும் ஆகல, மருந்தை எழுது' என்று அந்த டாக்டர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்றுதான் இருநூற்றுப் பதினேழு படி இறங்கினாள்.

ஆற்றங்கரையில் பனிமூட்டம். நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவள் ரான் யூஃபெங், சந்தையில் பன்றிக்கறிக் கடை வைத்திருப்பவள். புருஷனைக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஏழரை மணி வரை இங்கே வந்துவிடுவாள். முன்னங்கை ஒவ்வொன்றும் ஒரு தொடை கனம் இருக்கும். அந்தக் கைகள் பனிக்குள் மேலே எழுந்தபோது, தூக்கக் கலக்கத்தில் எழுந்த பூனை சோம்பல் முறிப்பதுபோல அத்தனை மெதுவாக, அத்தனை மெத்தென்று எழுந்தன. ஷூலான் கடைசி வரிசையில் நின்று தானும் கையைத் தூக்கினாள்.

முதல் அசைவு, இரு கையாலும் வானத்தைத் தாங்குவது. மூச்சை அடிவயிறு வரை இழுக்க வேண்டும். ஷூலான் இழுத்தாள். இழுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

"அந்த நீலக் கோட்டு அக்கா!" ரான் குரல் ஆற்றைத் தாண்டிக் கேட்டது. "மூச்சப் புடிச்சு வெச்சு யாருக்குக் குடுக்கப் போறீங்க? வெளிய விடுங்க!"

ஷூலான் விட்டாள். மூச்சு வரவில்லை. ஏப்பம் வந்தது. இருபத்தெட்டு வருஷத்து ஊறுகாய் மொத்தமும் ஒரே மூச்சில் கிளம்பியதுபோல நீளமாக, உருண்டு திரண்டு, ஏறி இறங்கி ஒரு ஏப்பம். எங்கோ பனிக்குள் ஒரு சரக்குப் படகு அதே நேரத்தில் சங்கு ஊதியது. பதில் சொன்னதுபோல இருந்தது.

முன் வரிசையில் யாரோ ஒருவரின் தோள் குலுங்கியது. பிறகு பக்கத்துத் தோள்.

"சிரிக்கக் கூடாது!" என்றாள் ரான். "வானத்தத் தாங்குங்க! யாரும் கையக் கீழ விடக் கூடாது! வானம்... வானம்..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நாற்பது பேரும் கையை மேலே தூக்கியபடி, வானத்தைத் தாங்கியபடி, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார்கள். ஷூலானுக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு அவளுக்கும் அடிவயிற்றில் ஏதோ கிளுகிளுத்தது. பதினோரு வருஷத்தில் எந்த டாக்டரின் கைக்கும் எட்டாத இடம் அது. சிரிப்பு அங்கிருந்து பீறிட்டுக்கொண்டு வந்தது. விலா பிடித்துக்கொள்ளும் வரை சிரித்தாள். கீழே உட்கார்ந்து சிரித்தாள். ரான் வந்து தூக்கிவிட்டபோது அவள் தோளிலும் சாய்ந்து சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து யோங்கானிடம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் சிரிப்பு வந்து சொல்ல முடியாமல், ஏப்பத்தைச் செய்தே காட்டினாள். அன்று பகலில் அவள் ரெஸ்ட் எடுக்கவில்லை. படுத்தவள் விடியும் வரை புரளவில்லை. மூச்சு வேலை செய்ததா, இருநூற்றுப் பதினேழு படி வேலை செய்ததா, சிரிப்பு வேலை செய்ததா என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. ஷூலானும் கேட்கவில்லை. மறுநாள் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து மழை, பனி, வெயில் ஒன்றும் பார்ப்பதில்லை. வில்லை வளைத்துக் கழுகை எய்யும் அசைவு அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எய்வாள். அடுப்பில் சோறு வேகும்போது எய்வாள். "என்னையே குறி வெக்கற?" என்று யோங்கான் தலையைக் குனிந்துகொள்வார். கடைசி அசைவில் குதிகாலைத் தூக்கி ஏழு முறை தொம் தொம்மென்று இறக்க வேண்டும். அதை அவள் வீட்டில் செய்தால் கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாள். பயிற்சி முடிந்ததும் நாலைந்து பேர் சேர்ந்து காரமான நூடுல்ஸ் சாப்பிடப் போவார்கள். அங்கே ஒரு மணி நேரம் ஊர் வம்பு.

மருந்துகளை அவள் ஒரு நாளும் உட்கார்ந்து யோசித்து நிறுத்தவில்லை. மறந்துபோனாள். முதலில் தூக்க மாத்திரை மறந்தது. பிறகு வயிற்றுக்கான தூள். பிறகு கழுத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. ஊர் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் குத்தல் எந்த ஊரில் இறங்கிக்கொண்டது என்றே தெரியவில்லை. முட்டி மட்டும் மழைக்காலத்தில் முனகும். முனகினால் முனகட்டும் என்று படியிறங்கிவிடுவாள்.

மருந்துக் கடையில் வென் கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு எட்டாம் தேதி பெங் அத்தை வரவில்லை. அடுத்த எட்டாம் தேதியும் வரவில்லை. மூன்றாவது எட்டாம் தேதி முட்டை அட்டையைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு சாயந்திரம் வரை காத்திருந்தாள். போன் செய்தால் எடுப்பாரில்லை. மறுநாள் காலை அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கூடை ஆரஞ்சும், துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் வெள்ளைச் செவ்வந்தி ஒரு கொத்தும் வாங்கிக்கொண்டு படியேறினாள்.

வாசலில் யோங்கான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு பல்லில் ஒன்று முந்தின நாளிலிருந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. கண் கலங்கியிருந்தது.

"மாமா..." என்றாள் வென். "அத்தை..."

"போயிட்டா" என்றார் யோங்கான்.

வென் ஆரஞ்சுக் கூடையைக் கீழே வைத்தாள். "எப்போ?"

"காலைல. ஆறு மணி இருக்கும்."

வென் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். எத்தனை வருஷத்து வாடிக்கை! "ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா மாமா?"

"கஷ்டமா? சிரிச்சுக்கிட்டேல்ல போனா!" யோங்கான் பல்வலியோடு பேசியதால் ஒவ்வொரு சொல்லும் துக்கமாகவே வந்தது. "நான்தான் தனியா உக்காந்திருக்கேன். சோறு வேணுமான்னுகூட ஒரு வார்த்தை கேக்கல. பட்டு டிரஸ்ஸ மாட்டிக்கிட்டுப் போயிட்டா."

"பட்டு... நீங்களே உடுத்திவிட்டீங்களா?"

"நான் எதுக்கு உடுத்திவிடணும்? அவளே மாட்டிக்கிட்டா."

வென் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் அவள் கையிலிருந்த வெள்ளைப் பூவைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் புரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது கீழே படிக்கட்டில் ஷூலானின் குரல் கேட்டது. நூடுல்ஸ் கடைக்காரன் மிளகாய் எண்ணெயைக் குறைத்துவிட்டான் என்று யாரிடமோ முறையிட்டுக்கொண்டு வந்தாள். உடம்பில் பயிற்சிக்குப் போடும் நிலா நிறப் பட்டு, கன்னம் சிவக்கச் சிவக்க.

"அட, வென்! என்ன பூவெல்லாம்? யாரு செத்தா?"

"நீங்கதான் அத்தை!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள் வென்.

விஷயம் தெரிந்ததும் ஷூலான் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மேல் வீடு, கீழ் வீடு எல்லாம் கதவைத் திறந்தன. செவ்வந்தியை ஜாடியில் வைத்தாள். ஆரஞ்சை எல்லாருக்கும் உரித்துக் கொடுத்தாள். "என் கருமாதிப் பழம், சாப்பிடுங்க, நல்ல இனிப்பு!" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

"சிரிங்க சிரிங்க" என்றாள் வென் மூக்கை உறிஞ்சியபடி. "நீங்க பொழச்சுட்டீங்க. இந்த மாச டார்கெட்டுக்கு இனிமே நான்தான் சாகணும்."

இவ்வளவு கூத்தும் தலைக்கு ஏறாமல் இருக்குமா? ஏறியது. கோடை முடிவதற்குள் ஷூலான் தனக்கு வியாதியே கிடையாது என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். மறந்த மருந்து பத்து. பதினொன்றாவது, அந்த பிரஷர் மாத்திரை, அதை மட்டும் அவள் மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டாள். ஒரு நாள் காலை மாத்திரையைக் கையில் வைத்துப் பார்த்து, "நீ எதுக்கு இன்னும்?" என்று கேட்டுவிட்டு டப்பாவை மூடினாள்.

ஆறு வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஏழாவது வாரம் ஷூலான், ரானின் கடையில் இரண்டு கிலோ விலா எலும்பு வாங்கிக்கொண்டு படியேறினாள். தொண்ணூறாவது படி அருகே தெரு மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. ஆறு மேலேயும் வானம் கீழேயும் போயின. எலும்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னால் கடையைக் கட்டிவிட்டு வந்துகொண்டிருந்த ரான் பார்த்தாள். தினமும் அரைப் பன்றியைத் தோளில் போட்டு ஏற்றுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு சுமையா? ஷூலானை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

"ரான்... எலும்பு..." என்றாள் ஷூலான் காதருகில்.

"வாய மூடுங்க அக்கா. எலும்பும் வருது, நீங்களும் வர்றீங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் மோ பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார். "மாத்திரை?"

"விட்டுட்டேன்."

"யார் விடச் சொன்னது?"

"உடம்பே சொல்லிச்சு, வேண்டாம்னு."

"உடம்பு எந்தக் காலேஜ்ல படிச்சுது?"

ஷூலான் பதில் தேடுவதற்குள் ரான் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினாள்: "அக்கா, நான் உங்களக் கையத் தூக்கச் சொன்னேன். மாத்திரையத் தூக்கிப் போடச் சொன்னேனா? நான் கறி வெட்டறவ. என் பேச்சக் கேட்டு எவளாவது மருந்த நிறுத்தினான்னு தெரிஞ்சா கரைக்கே வர வேண்டாம். நாளைக்கே எல்லார் முன்னாலயும் சொல்றேன்!"

"சொல்லுங்க" என்றார் டாக்டர் சந்தோஷமாக. "என்னைவிட உங்க குரல் நல்லாக் கேக்கும்." பிறகு ஷூலானிடம் திரும்பி, "பத்து மருந்து இல்லாம இருக்கீங்களே, அதுக்கு உங்களப் பாராட்டறேன். தூங்கறீங்க, சிரிக்கறீங்க, நல்ல விஷயம். ஆனா இது ஒண்ணு கூடவே வரணும். மாசம் பூரா சாப்பிட்டாலும் ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலைதான் அத்தை."

"காரம் போட்ட நூடுல்ஸா, காரமில்லாததா?"

"இவங்களுக்கு ஒண்ணும் இல்ல. கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

கீழே வந்து மாத்திரைக்குக் கார்டை இயந்திரத்தில் செருகியபோதுதான் அது நடந்தது. திரையில் மிச்சத் தொகை வந்தது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்து அடுத்த இயந்திரத்துக்குப் போனாள். அங்கேயும் அதே எண். பையிலிருந்த யோங்கானின் கார்டைச் செருகினாள். அதிலும் பணம். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக இரண்டு கார்டிலும் தொடாத பணம்! அது போக, பென்ஷனில் மருந்துக்காக எடுக்காமல் விட்டது வீட்டில் இருக்கிறது. சற்று முன் தலை சுற்றியவளுக்கு இப்போது வேறு விதமாகச் சுற்றியது. வாசல் காவலாளி "எக்ஸ்ரேயா அக்கா?" என்று கேட்டதற்கு அவனையும் ஒருமுறை வில்லை வளைத்து எய்துவிட்டு வெளியே வந்தாள்.

பணம் இருப்பது தெரிந்த பிறகு அது சும்மா இருக்குமா? இரண்டு வாரத்தில் குழுவுக்குப் புது ஒலிபெருக்கி வாங்கினாள். நூடுல்ஸுக்கு எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்தாள். இலையுதிர் காலத்தின் ஒரு காலையில் ஃபெங் என்று ஒரு ஆள் வெள்ளைச் சட்டையும் சுருட்டிய மெத்தையுமாகக் கரைக்கு வந்தான். ஏதோ கம்பெனி மேலாளர் என்றான். ஒவ்வொருவரையும் அம்மா, அத்தை என்று கூப்பிட்டான். சொந்த மகன்கூட அப்படிக் கூப்பிடமாட்டான்.

"நீங்க காலைல கஷ்டப்பட்டு சேர்க்கற சக்தி இருக்கே அத்தை, ராத்திரி தூங்கறப்ப அத்தனையும் ஒழுகிப் போவுது. சாதா மெத்தை உறிஞ்சிடும். இது காந்த மெத்தை. ஒரு சொட்டு வெளிய விடாது. ஆறாயிரத்து எண்ணூறு யுவான். உங்களுக்காக அஞ்சாயிரத்து எண்ணூறு."

ஷூலானுக்குள் படுத்திருந்த பழைய நோயாளி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். ஒழுகுகிறதா? இவ்வளவு நாளும் ஒழுகிக்கொண்டா இருந்தது? ரான் "இந்தக் காந்தத்துல என் கத்திகூட ஒட்டாது" என்று சொன்னது அவள் காதில் விழவில்லை. முன்பணத்துக்கான தாளை ஃபெங் நீட்டினான். பேனாவை வாங்கிவிட்டாள்.

யோங்கான் சற்றுத் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பெண்டாட்டி பேனா பிடிப்பதைப் பார்த்ததும் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக நடந்து வந்தார். அவளுக்கு எதிரே நின்று வாயை அகலமாகத் திறந்தார். அந்த நாலு பல்லில் இப்போது மூன்றுதான் இருந்தது.

"மாமா என்ன சொல்றார்?" என்றான் ஃபெங்.

ஷூலான் அந்த வாயைப் பார்த்தாள். தினமும் மூன்று வேளை எதிரே உட்கார்ந்து பார்த்த வாய்தான். சோயாக்கட்டியை ஈறால் நசுக்கும் வாய். பண்டிகைக்கு ஊரே பன்றிக் காதைக் கறுக் மொறுக்கென்று கடிக்கும்போது, எண்ணெய் ஒத்துக்காது என்று பொய் சொல்லி ஒதுங்கிய வாய். பல் டாக்டரிடம் போகலாமா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேட்டது. அது எட்டாம் தேதி. முட்டை நாள். அவள் காதில் வாங்கவில்லை. இப்போது ஞாபகம் வந்தது.

அவர் இன்னும் வாயைத் திறந்தபடியே நின்றார். எச்சில் ஒழுகத் தொடங்கியது. அழுகை வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

"மேலாளரே" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "உங்க மெத்தை மெல்லுமா?"

"என்ன அத்தை?"

"மெல்லுமான்னு கேட்டேன். பன்றிக் காதைக் கடிக்குமா? கடிக்கும்னா ரெண்டா வாங்கிக்கறேன்."

கரை குலுங்கியது. ஃபெங் நாலாயிரத்து எண்ணூறு என்றான், மூவாயிரம் என்றான், தலையணை இலவசம் என்றான். ரான் அவன் மெத்தையை நேர்த்தியாகச் சுருட்டி, சணல் கயிற்றால் இறைச்சிப் பொட்டலம்போல நாலு கட்டுப் போட்டு அவன் கக்கத்தில் செருகினாள். அவன் படியேறும்போது நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வில்லை வளைத்து அவன் முதுகைக் குறி பார்த்தார்கள்.

அடுத்த வாரமே யோங்கானுக்குப் பல் அளவெடுத்தார்கள். இரண்டு கார்டையும் துடைத்தெடுத்தாள், மீதியைக் கையிலிருந்து போட்டாள். ஒரு மாதத்தில் மேல் வரிசையும் கீழ் வரிசையுமாக மினுமினுவென்று பல் வந்தது. முதல் மூன்று நாள் அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. நாலாம் நாள் கண்ணாடி முன் நின்று தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவரை ஷூலான் பிடித்துவிட்டாள். "யோவ் கிழவா, போதும்யா, கண்ணாடி கூசுது!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரானையும் வென்னையும் கூட்டிக்கொண்டு சட்டிக் குழம்புக் கடைக்குப் போனார்கள். மேஜை நடுவில் சிவப்புக் குழம்பு தளதளவென்று கொதித்தது. வாத்துக் குடல், பன்றிக் காது, தாமரைத் தண்டு, கடிக்கக் கடிக்கச் சத்தம் வரும் எல்லாவற்றையும் யோங்கான் கேட்டு வாங்கினார். முதல் துண்டு காதைச் சட்டியில் முக்கி எடுத்து வாயில் போட்டார். மேஜையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கறுக். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி கறுக்.

"எப்படிய்யா இருக்கு?" என்றாள் ஷூலான்.

"சத்தம்" என்றார் அவர். "எட்டு வருஷமா இந்தச் சத்தம் அடுத்தவன் வாயிலதான் கேட்டேன். என் தலைக்குள்ளயே கேக்குது ஷூலான்!"

சொல்லிவிட்டு வாய் விட்டுச் சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பைப் பல் டாக்டர் எதிர்பார்த்திருக்க மாட்டார். மேல் வரிசை கழன்று, வாத்துக் குடல்களுக்கு நடுவே குழம்பில் விழுந்து முழுகியது.

"ஐயோ, ரெண்டாயிரம் யுவான்!" என்று கத்தினாள் வென். ரான் கரண்டியைப் பாய்ச்சினாள். சோயாக்கட்டி வந்தது. மறுபடி பாய்ச்சினாள். தாமரைத் தண்டு வந்தது. யோங்கான் கரண்டியை வாங்கி, நாற்பது வருஷம் ஆற்றில் பிழைத்தவரின் நிதானத்தோடு சட்டியின் ஓரமாக ஒரு சுழற்று சுழற்றிப் பல்லை மேலே கொண்டுவந்தார். மிளகாய் எண்ணெய் சொட்டச் சொட்ட அது எல்லாரையும் பார்த்து இளித்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். டீயில் கழுவி மாட்டிக்கொண்டார். காரம் ஈறில் ஏறி, முகம் சிவந்து, தண்ணீர் தண்ணீர் என்று கையை வீசினாரே தவிர, கழற்றவில்லை. அடுத்த துண்டை எடுத்துவிட்டார்.

மறு வருஷம் நகரப் பூங்காவில் சிகோங் குழுக்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். ஐந்து குழுக்கள் பெயர் கொடுத்திருந்தன. ஆற்றங்கரைக் குழு நாலாவதாக வந்தது. ஐந்தாவது குழுவின் பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அது தெரிவதற்குள் ரான் தோளில் ஷூலானும், ஷூலான் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையுமாக அவர்கள் சந்தைத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி முடித்திருந்தார்கள்.